நான்காவது சுற்று

இன்று காலை குருபோங்கில் இருக்கும் நம் பட்டறையின் கதவைத் தூக்கியதும் அந்த வாடை முகத்தில் அடித்தது. கருகிய கியர் எண்ணெய். ஆறு வருடமாக நான் இந்தக் கூரைக்குள் நுழையவிடாத வாடை. நடுவில் உன் மகள் வாணியின் பந்தயக் கார் நின்றது. அதற்குள் இருக்கும் கியர்பாக்ஸ் நான் கட்டியது. நீ கடைசியாக ஓட்டியதும் அதே ரகம்தான். வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

நேற்று அவள் பயிற்சி ஓட்டம் முடித்துவிட்டு வந்து, கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "மாமா, ரெண்டாவது கியர் விழுறப்ப யாரோ பின்னாலேந்து சட்டையப் புடிச்சு இழுக்குற மாதிரி இருக்கு."

மச்சான், அது நீ சொன்ன வாக்கியம். எழுத்துப் பிசகாமல். அவளிடம் நான் அதைச் சொன்னதே இல்லை. உன் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

உனக்கு நினைவிருக்கும், அந்தக் கடைசி வருடம் நாம் எத்தனை கியர்பாக்ஸை உடைத்தோம் என்று. ஒன்றில் தண்டு முறிந்தது. இன்னொன்றில் கிளட்ச் தட்டுகள் கரிக்கட்டையாக வெளியே வந்தன. ஆயர் குரோவில் வேலை முடிந்து நீ நேராக இங்கே வருவாய். சட்டையைக்கூட மாற்றாமல் வண்டிக்கு அடியில் படுத்துவிடுவாய். "ஒரு சீசன் முழுக்க உடையாத ஆட்டோமேட்டிக் பாக்ஸ் ஒண்ணு கட்டணும்டா, அப்புறம் நான் வேற எதுவும் கேக்க மாட்டேன்" என்பாய். தண்டைத் தடிமனாக்கினோம். தட்டுகளை இரட்டிப்பாக்கினோம். உடைந்தது எதையும் மறுபடி அதே கனத்தில் போடுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தோம்.

இரண்டே கியர் உள்ள பாக்ஸ். முதல் கியரை ஓர் இரும்புப் பட்டை இறுக்கிப் பிடித்திருக்கும். இரண்டாவது விழும்போது அந்தப் பட்டை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் இரண்டு கியரும் சேர்ந்து பிடிக்கும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதனால் பட்டையின் போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டு நான்கு சுற்றுத் தளர்த்த வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். நான் மூன்றோடு நிறுத்துவேன். இறுக்கமாக இருந்தால்தான் நிலைக்கும் என்பது என் கணக்கு. வீட்டுத் தண்ணீர்க் குழாயைக்கூட நான் மூடினால் என் மனைவியால் திறக்க முடியாது.

நீ கிண்டல் பண்ணுவாய். "நாலு சுத்து லா, மச்சான். பட்டைக்கு மூச்சு விட எடம் குடு. உன் கல்யாணத்துல வேட்டிய இறுக்கிக் கட்டிட்டு சாப்புட உக்கார முடியாமத் தவிச்சவன்தானே நீ."

சரி சரி என்பேன். நீ அந்தப் பக்கம் போனதும் மூன்றோடு நிறுத்துவேன்.

அந்தக் கடைசிப் பாக்ஸின் உதிரிகள் மேசையில் பிரிந்து கிடந்தபோதுதான் ஆயுத பூஜை வந்தது. ஸ்பேனர், ஜாக்கி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். கை சும்மா இருக்காமல் கழுவி வைத்திருந்த உள் உதிரிகளுக்கும் வைத்தேன். "வெளிய வை லா, வயித்துக்குள்ள எல்லாம் பொட்டு வைக்காத" என்று நீ சிரித்தாய். மறுநாள் துணியால் துடைத்துவிட்டுப் பாக்ஸைக் கட்டினேன். மறுபடி கழுவவில்லை.

பந்தயத்தன்று முதல் ஓட்டம் முடிந்து வந்து, சன்னல் வழியாக அந்தச் சட்டை இழுக்கும் வாக்கியத்தைச் சொன்னாய். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி முகர்ந்தேன். வாடை இருந்தது. லேசாகத்தான், ஆனால் இருந்தது. கம்பியைத் துடைத்து மறுபடி செருகினேன். வரிசையில் அடுத்தது நீ. இத்தனை மாத வேலையைக் கழற்றிப் போட எனக்கு மனசு வரவில்லை.

"புதுப் பட்டை லா. போகப் போகச் சரியாயிடும். போ" என்றேன்.

போனாய். பாதி தூரத்தில் எஞ்சின் சத்தம் மாறியது. பின்சக்கரங்கள் நின்றன, கார் திரும்பியது. சுவர் உன் பக்கத்தில் இருந்தது.

உன் காரியம் முடிந்த பிறகு அந்தப் பாக்ஸைத் தனியாகப் பிரித்தேன். எல்லாம் நொறுங்கிக் கிடந்தது. பட்டையை விடுவிக்கும் எண்ணெய் போகும் ஒரு வால்வின் ஓரத்தில் காய்ந்த சந்தனத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் தேடுவதை நிறுத்திவிட்டேன். துணுக்கை ஒரு தைல டப்பியில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பக்தியில் செய்த பிழை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிந்தது. ஆறு வருடம் அதைச் சொல்லித்தான் தூங்கினேன். புக்கிட் காத்திலில் உன் வீட்டைத் தாண்டும்போது மட்டும் டப்பியைத் தொட்டுப் பார்ப்பேன்.

வாணி வந்து பாக்ஸ் கட்டித் தரச் சொன்னபோது முடியாது என்றேன். "நீங்க இல்லன்னா வேற யாராவது கட்டுவாங்க, மாமா" என்றாள். உன் பிடிவாதம் அப்படியே. எவனோ கட்டுவதைவிட நான் கட்டுவது பத்திரம் என்று நினைத்தேன். ஒவ்வொரு உதிரியையும் மூன்று முறை கழுவினேன். பூஜைக்குப் பாக்ஸைப் பக்கத்து அறையில் பூட்டி வைத்தேன். சந்தனத்தின் காற்றுகூட அதில் படவில்லை.

பிறகு ஏன் இந்த வாடை?

அவள் வந்ததும் இருவருமாகப் பாக்ஸை இறக்கிப் பிரித்தோம். வால்வு பளிச்சென்று இருந்தது. பட்டைதான் கறுத்துப் போயிருந்தது. அவள் போல்ட்டில் ஸ்பேனரை வைத்து, எண்ணிக்கொண்டே முழுக்க இறுக்கினாள். மூன்று சுற்றில் நின்றுவிட்டது. புத்தகத்தைப் புரட்டினாள். என்னைப் பார்த்தாள்.

"நாலுன்னு போட்டிருக்கு, மாமா."

டப்பியை எடுத்து அவள் முன் வைத்தேன். சந்தனத்தைச் சொன்னேன். மூன்று சுற்றைச் சொன்னேன். "போ" என்று நான் சொன்னதையும் சொன்னேன். அவள் டப்பியைத் திறந்து பார்த்தாள், மூடினாள்.

"அப்பாவுக்கு மூணுன்னு தெரியுமா?"

"தெரியாது. நாலுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் போனான்."

அவள் புதுப் பட்டையை உறையிலிருந்து எடுத்தாள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் ஓட்டாதே என்று கெஞ்சினேன். "ஓட்டுவேன்" என்றாள். புதுப் பட்டையை மாட்டியதும் ஸ்பேனரை என் கையில் கொடுத்து, "நீங்களே தளர்த்துங்க, நான் எண்ணுறேன்" என்றாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

மச்சான், என் கை நின்றுவிட்டது. சத்தியமாக நான் நிறுத்தவில்லை, தானாக நின்றது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நான்காவது சுற்றைத் திருப்பினாள். அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன.

டப்பியை அவளே எடுத்துப் போய்விட்டாள். என் சட்டைப் பை காலியாக இருக்கிறது. இந்தக் கை மட்டும் என்னோடு இருக்கிறது. அவள் பாக்ஸில் இதே கை இறுக்கிய போல்ட்டுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை உன் மகள் அவற்றின் மேல்தான் உட்கார்ந்து போகிறாள்.