நிழல் இன்னும் போகல்ல

மச்சான்,

பெருநாளைக்கு வீடு கழுவ வேண்டும் என்று என் மகள் இன்று காலை அலுமாரிக்கு மேலே கிடந்ததையெல்லாம் இறக்கி முற்றத்தில் போட்டாள். உடைந்த லாம்பு, ஓடாத மணிக்கூடு, அவற்றுக்கு அடியில் அந்த அலுமினியத் தண்ணீர்ப் போத்தல். "வாப்பா, இத எறியட்டா?" என்றாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். மூடியைத் திருகி மூக்கருகே கொண்டுபோனேன். வெயிலில் சூடேறிய தகரமும் குளத்துத் தண்ணீரும் கலந்த அந்த வாசம் இத்தனை வருஷமாக உள்ளேயே இருந்திருக்கிறது. அதோடு நீயும் வந்துவிட்டாய், வேர்த்து வழிய, வெறுங்காலோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு.

நீ போய் நாலு மாதம். இன்று அறபா நாள், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய நாள், நோன்பு பிடித்திருக்கிறேன். வெயில் இறங்கும்வரை செய்வதற்கு வேறொன்றும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

உன்னை ஓட்டக்காரனாக்கியது எந்த விளையாட்டுக் கழகமும் இல்லை, வராத பஸ்தான். வீடு சாய்ந்தமருதில், உங்கள் வாப்பாவின் வயல் இறக்காமத்தில். பஸ்ஸைப் பார்த்துப் பார்த்து நிற்கப் பொறுமையில்லாமல் ஒரு நாள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வரம்பு வழியே ஓடத் தொடங்கினாய். பிறகு பஸ் வந்த நாட்களிலும் ஓடினாய். வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்தவர்கள், "யான துரத்துதா மனே?" என்று கேட்பார்கள். "இல்ல சாச்சா, நான்தான் அதத் துரத்துறன்" என்பாய், நிற்காமலே. நான் அப்போதே கனத்த ஆள். சைக்கிளில் உன் பின்னால் வருவதற்கே எனக்கு மூச்சு வாங்கும். அதனால்தான் தண்ணீர்ப் போத்தல் சுமக்கும் வேலையை எனக்குத் தந்தாய்.

எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த அந்த ஒரு பருவத்தை நான் எப்படி மறப்பேன்? சிறுபோகம் வெட்டி முடிந்து வயலெல்லாம் திறந்து கிடந்தது. கச்சான் காற்று அடங்கிவிட்டது, மாரி மழை இன்னும் இறங்கவில்லை. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஓடலாம். எங்கள் கழகத்துக்காரர்கள் அந்த நேரம் பார்த்துத்தான் ஓட்டப் போட்டி ஒன்றை அறிவித்தார்கள். இறக்காமம் குளக்கட்டில் தொடங்கி, வாய்க்கால் கரை, வண்டிப் பாதை, வரம்பு என்று பதினைந்து மைலுக்குக் குறையாமல் ஓடி, சாய்ந்தமருதுக் கடற்கரை மணலில் முடிய வேண்டும். தார் ரோட்டில் ஓடக்கூடாது, குறுக்கே கடக்கலாம். முதலாவதாக வருபவனைக் கொழும்புக்கு, நாடு முழுக்கத் தெரிவு நடக்கும் இடத்துக்கு அனுப்புவார்களாம்.

"மச்சான், கொழும்புல ஓடுற தர செவப்பா, பாய் விரிச்ச மாதிரி இரிக்குமாம். கல்லுமில்ல, முள்ளுமில்ல. ஒருக்காலாவது அதுல ஓடிப் பார்க்கணும்டா" என்றாய். நீ எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பாதையைப் பழக வேண்டுமென்று மூன்று வாரம் உங்கள் வயல் வாடியிலேயே தங்கினோம். வாடி என்று பெயர்தான், நாலு கம்பும் கொஞ்சம் கிடுகும். குளத்து மீனை நீயே பிடித்து நீயே ஆக்கினாய். தாமரை இலையில் சுடச்சுடச் சோற்றைக் கொட்டினால் இலை வாடி ஒரு மணம் வருமே, அதற்காகவே நான் இரண்டு தரம் சாப்பிட்டேன். "நீ ஓட வந்தியா, திங்க வந்தியா?" என்று கேட்டாய். திங்கத்தான் என்று உண்மையைச் சொன்னேன்.

ஒரு நாள் விடியச் சுபஹு தொழுதுவிட்டு நீ குளக்கட்டில் ஓடப் போனாய். நான் பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். தண்ணீருக்கு மேலே பனி வெள்ளையாகக் கிடந்தது. திடீரென்று நீ நின்றுவிட்டாய். உனக்கு முன்னால் இருபது முப்பது பாகத் தூரத்தில் யானைகள் கட்டைக் கடந்துகொண்டிருந்தன. ஒன்பதா பத்தா, எனக்கு எண்ண வரவில்லை. இவ்வளவு பெரிய உடம்புகள் ஒரு சருகுச் சத்தமும் இல்லாமல் நடந்தன. கடைசியாக வந்த கொம்பன் கட்டில் நின்று உன்னைப் பார்த்தது. நான் சைக்கிளைப் போட்டுவிட்டு மருத மரத்தில் ஏறிவிட்டேன். எப்படி ஏறினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, இறங்கத்தான் நீ வந்து தோள் கொடுக்க வேண்டியிருந்தது. நீயோ கைகளைக் கீழே விட்டு, பள்ளிவாசலில் தொழுகைக்கு நிற்பது போல நின்றாய். அது போன பிறகும் நீ அசையவில்லை. பக்கத்தில் வந்து பார்த்தால் உன் கண் நிறைந்திருந்தது. "அல்லாஹ் எவ்வளவு பெரியவன் மச்சான்" என்றாய். அன்று காலையில் நீ ஓடவே இல்லை.

இனி அந்தப் பிறைக் கூத்து. பெருநாளன்று பின்னேரம் போட்டியை வைத்தால் ஊரே கூடும் என்று கழகத்துக்காரர்கள் கலண்டரைப் பார்த்து நாள் குறித்துவிட்டார்கள். நோட்டீஸ் அடித்து, பரிசு கொடுக்கக் கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதரையும் அழைத்தார்கள். பிறை கலண்டர் பார்த்தா வருகிறது? தலைப்பிறை ஒரு நாள் பிந்தியது. பெருநாள் ஒரு நாள் தள்ளிப்போய், போட்டி நாள் சரியாக அறபா நோன்பில் வந்து விழுந்தது. போட்டியை மாற்றலாம் என்றால் வரும் மனிதருக்கு அந்த ஒரு நாள்தான் ஓய்வு. அது சுன்னத்தான நோன்புதானே, கட்டாயமில்லை, ஓடுகிறவர்கள் விட்டுவிடலாம் என்று கதைத்து முடித்தார்கள். எல்லோரும் விட்டார்கள்.

உன்னால் முடியாது. அது ஏனென்று எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த வருஷம் உன் உம்மா மூன்று மாதம் பாயோடு கிடந்தா. டாக்டர் கைவிரித்த அன்று, உம்மா எழும்பி அடுப்படிக்கு நடந்தால் வருகிற அறபா நோன்பைப் பிடிப்பேன் என்று நீ நேர்ச்சை வைத்தாய். உம்மா எழும்பி நடந்தா. நேர்ந்த பிறகு அது கடமை, தள்ளிவைக்க வழியில்லை.

"போட்டிய விடு" என்றேன்.

"ரெண்டையும் செய்வன்" என்றாய்.

"செத்துப் போவாய்டா."

"செத்தா நீ எதுக்கு? தூக்கிட்டு வா."

பின்னேரம் அசர் தொழுகை முடிந்து குளக்கட்டில் விசில் ஊதினார்கள். இருபது பேருக்கு மேல் ஓடினார்கள். சைக்கிளில் நான் வாய்க்கால் கரையால் வந்தேன். எலுமிச்சம் புளியும் உப்பும் சீனியும் கரைத்து நிறைத்த போத்தல் என் கழுத்தில் தொங்கி நெஞ்சில் அடித்துக்கொண்டே வந்தது. வரிப்பத்தான்சேனையைத் தாண்டும்போதே நீ முன்னுக்கு வந்துவிட்டாய். உனக்குப் பின்னால் ஒரு மருதமுனைக்காரன், நல்ல ஓட்டக்காரன். ஒவ்வொரு வாய்க்காலிலும் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டு ஓடிவந்தான். நீ அதே வாய்க்கால்களை, தண்ணீரைப் பார்க்காமலே தாண்டினாய். அறுவடை முடிந்த வயலில் உன் கால் பட்ட இடத்திலெல்லாம் வெட்டுக்கிளிகள் எழும்பின. கொக்குகள் உனக்காக விலகி, நீ போன பிறகு அதே இடத்தில் வந்து இறங்கின. நான் மிதிக்க மறந்து இரண்டு தரம் வாய்க்காலில் விழப் பார்த்தேன். ஒரு மனிதனால் இது முடியுமா என்று எனக்குள்ளே கேட்டுக்கொண்டே வந்தேன், முடிகிறதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே.

கரவாகு வட்டை வந்தது. கடைசி வயல்வெளி, அதற்கு அப்பால் தென்னந்தோப்பு, தோப்புக்கு அப்பால் கடல். அங்கேதான் உன் கால் பின்னியது. உதடு வெடித்து வெள்ளை படிந்திருந்தது. வேர்வை நின்றுவிட்டது, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. மருதமுனைக்காரன் இருநூறு யார் பின்னால். உனக்குத் தேவை ஒரு மிடறு, ஒரேயொரு மிடறு.

மச்சான், அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

"பாங்கு சொல்லிட்டாங்கடா! பள்ளியில கேட்டிச்சி! உனக்குக் காதடைச்சிட்டு. குடி!"

எந்தப் பள்ளியிலும் நோன்பு திறக்கும் பாங்கு சொல்லவில்லை. சூரியன் மறைய இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது. நோன்பின் மீது பொய் சொன்னேன், நேர்ச்சையின் மீது சொன்னேன், உன் உம்மாவின் உயிரின் மீது சொன்னேன். நீ என்னை நம்பினாய். கையை நீட்டிப் போத்தலை வாங்கினாய். "பிஸ்மில்லாஹ்" என்று உதடு அசைந்தது. மூடி திறந்து, போத்தல் வாய் வரைக்கும் போய்விட்டது.

அந்த நேரம் நீ நிலத்தைப் பார்த்தாய். நாம் கிழக்கே போய்க்கொண்டிருந்தோம், சூரியன் முதுகுக்குப் பின்னால். உனக்கு முன்னால், அரிதாள் வயலின் மேலே, பனை உயரத்துக்கு உன் நிழல் கிடந்தது. பக்கத்தில் சைக்கிளோடு என் நிழலும்.

நீ கோபப்படவில்லை. சிரித்தாய். வெடித்த உதட்டில் இரத்தம் வரச் சிரித்தாய். மூடியைத் திருகி மூடிப் போத்தலை என் கழுத்தில் மாட்டிவிட்டு, "பொய்க்காரா, நிழல் இன்னும் போகல்ல" என்றாய். சொல்லிவிட்டு அந்த நிழலைத் துரத்திக்கொண்டு ஓடினாய். ஓட்டம் என்று சொல்ல முடியாது, நடையும் இல்லை. யானைகளைப் பார்த்து நீ நின்ற நிலைதான் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. அன்று நீ எதன் முன்னால் நின்றாய் என்பது கரவாகு வட்டையில் உன்னைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

தென்னந்தோப்பில் மருதமுனைக்காரன் உன்னைத் தாண்டினான். நீ மணலில் கால் வைத்து, கயிற்றைக் கடந்து, முழங்காலில் விழுந்தாய். பரிசு அறிவிக்க ஒலிபெருக்கியை எடுத்தவர் வாய் திறக்கும் முன்னே பாங்கு எழும்பியது. மூடியைத் திறந்து கொடுத்தேன். அவசரத்தில் பாதி உன் நெஞ்சில் கொட்டியது. மீதியை நீ குடித்தாய். குடித்து முடித்து முதலில் கேட்டது, "அவன் குடிச்சானா?" அந்த மருதமுனைக்காரனைத்தான் கேட்டாய்.

மறுநாள் பெருநாள். தொழுது, குர்பான் அறுத்துக் கொடுத்து, உன் வீட்டில் சஹன் என்கிற ஒரே பெரிய தட்டில் நாலு பேர் கை வைத்தோம்: நீ, நான், உன் வாப்பா, நீயே போய்க் கூட்டிவந்த மருதமுனைக்காரன். உம்மா இறைச்சியை வைத்துக்கொண்டே, "ரெண்டாவதா வந்தவனுக்கு இவ்வளவு பசியா?" என்று கேலி செய்தா. நேர்ச்சையைப் பற்றி அவவுக்குக் கடைசிவரை தெரியாது. தனியே இருக்கும்போது, "மன்னிச்சிக்க மச்சான். கொழும்பும் போச்சி, பொய்யும் சொன்னன்" என்றேன்.

"கொழும்பு போனாப் போகட்டும். குடிச்சி வெண்டிருந்தா, இண்டைக்கு இந்தச் சஹன்ல உன்ட மூஞ்சப் பார்த்துத் திண்டிருக்க ஏலுமா?" என்றாய். அதோடு அந்தக் கதையை நீ மறுபடி எடுக்கவே இல்லை. எனக்குத்தான் அது ஓயவில்லை.

அடுத்த வருஷங்களில் யுத்தம் வந்து வயலுக்குப் போகும் பாதைகளே பயமாகிவிட்டன. போட்டியும் நடக்கவில்லை, சிவப்புத் தரையை நீ பார்க்கவும் இல்லை. கடற்கரையோடு ஓடினாய், அறுபது தாண்டியும் ஓடினாய்.

நாலு மாதம் முன்பு அசருக்குப் பிறகு உன் ஜனாஸாவைத் தூக்கினோம். உன் மகன், "நீங்க விடுங்க மாமா, முழங்கால் ஏலாதே" என்றான். விடவில்லை. ஜனாஸாவை விரைந்து கொண்டுபோக வேண்டும் என்பதால் எல்லோரும் எட்டி நடந்தார்கள், நானும் உன்னைக் கிடத்திய சந்தூக்கின் முன் கால் ஒன்றைத் தோளில் வைத்தபடி ஓட்டமும் நடையுமாகப் போனேன். தூக்கிட்டு வா என்று நீ சொன்னதைத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன். உன்னை அடக்கும் மையவாடி கடற்கரைப் பக்கம், வெயில் முதுகில். எங்கள் நிழலும் உன் சந்தூக்கின் நிழலும் நீளமாக முன்னால் போயின. அழுகை அப்போதுதான் வந்தது.

இதற்கு மேல் வெயில் விழுந்து, மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு எழுதுகிறேன்.

மஃரிபு முடிந்துவிட்டது, மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். போத்தலைக் கழுவி, உப்பும் சீனியும் எலுமிச்சம் புளியும் கரைத்து நிறைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். கடலைப் பார்த்து உட்கார்ந்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது, கண் மங்கியது, இந்த வயதுக்கு இது போதும். என் நிழல் மணலில் நீண்டு, அலை தொடும் இடம்வரை போய், மெல்ல மங்கியது. பள்ளியில் பாங்கு சொன்னார்கள். நான் உடனே குடிக்கவில்லை, மச்சான். குனிந்து மணலைப் பார்த்தேன். நிழல் போயிருந்தது. அதற்குப் பிறகுதான் மூடியைத் திறந்தேன்.