கடைசிச் சிப்பாயை வெட்டினேன்

திருப்போரூர்
ஞாயித்துக்கெழம

அன்பு மகள் கவியாவுக்கு அப்பா எழுதறது. நான் இங்க உடம்புக்கு ஒண்ணும் இல்லாம நல்லா கீறேன், நீயும் மாப்பிள்ளையும் அந்த அயர்லாந்து குளிர்ல சளி இருமல் இல்லாம இருக்கணும்னு கந்தசாமி கோயில் வழியா போறப்பல்லாம் கன்னத்துல போட்டுக்கறேன். கொய்யா மரம் காய்ச்சிக் கொட்டுது, தின்ன ஆளில்ல, பக்கத்து வூட்டு சிநேகாவுக்குத்தான் குடுத்துகினு கீறேன். பிரஷர் மாத்திரை போடறேன், அதக் கேக்காத. இன்னாடா இந்த ஆளு பேப்பரும் பேனாவுமா உக்காந்துட்டாருன்னு நெனப்ப. வாயால சொல்ல வரல கண்ணு, அதான்.

சமுதாயக் கூடத்துல சாயங்காலம் நடக்கற செஸ் கிளப்புல நான் சேந்தது உனக்குத் தெரியும். உங்கம்மா போனப்புறம் செவுத்தப் பாத்துகினு உக்காந்திருந்த என்னை கணக்கு டீச்சர் வசுமதிதான் கூப்ட்டாங்க. காலம் பூரா பஸ்ல விசில் ஊதினவனுக்கு இதெல்லாம் எதுக்குன்னு மொதல்ல சலிச்சிகினேன், இப்ப அதில்லாம முடியல. கோயில் ஆபீஸ்ல ரிட்டையர் ஆன ராமானுஜம், தையல் கடை சகுந்தலா, சிறுசேரிக்கு கேப் ஓட்டற ஜெரோம், எல்லாருக்கும் ஒரே மேஜைதான். அங்க ஒரு வழக்கம் கீது, கோட்டை விட்டவங்க அந்த ஆட்டத்த எல்லார் முன்னாடியும் மறுபடி அடுக்கிக் காட்டணும், எங்க சொதப்புனோம்னு சேந்து தேடுவோம். மானம் போவும், ஆனா ஆட்டம் ஏறும்.

போன வாரம் சிறுசேரி அபார்ட்மெண்ட் கிளப்போட மேட்ச். ஜெயிச்சா மாமல்லபுரத்துல நடக்கற போட்டிக்கு நம்ம டீம் போவும், சமமா முடிஞ்சா அவங்களுக்குத்தான் எடம்னு ரூலு. வருஷம் பூரா இதுக்குத்தான் அடிச்சிகினோம். மத்தவங்க ஆட்டமெல்லாம் முடிஞ்சி ரெண்டு பக்கமும் சமமா நிக்குது, மிச்சம் என்னோடது ஒண்ணுதான். எதிர்ல ஷ்ரவண்னு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், தங்கமான மனுஷன், சிரிச்சி சிரிச்சிப் பேசறாரு. என்கிட்ட ராணி, யானை ரெண்டும் கீது, அவருகிட்ட ராஜாவும் ஒத்தை சிப்பாயும். யானைய ஒரு கட்டம் தள்ளினா செக்மேட்டு, ஆட்டம் முடிஞ்சிது. எனக்குத் தெரிஞ்சிது கவியா, தெரிஞ்சும் தள்ளல. அந்த சிப்பாயையும் எடுத்துக்கலாம், இன்னா அவசரம்னு வெட்டினேன். வெட்டினதும் அவரு ராஜாவுக்கு செக்கும் இல்ல, நகர எடமும் இல்ல. அப்படி ஆனா டிராவாம், எனக்கே தெரிஞ்ச ரூலுதான், புத்தி எங்க போச்சோ. மேட்ச் போச்சி. சகுந்தலா பையத் தூக்கிகினு ஒண்ணும் பேசாம பஸ் ஏறிட்டா. அதுக்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

அப்புறம் கிளப் பக்கமே போவல. இனிமே சேத்துக்க மாட்டாங்கன்னு பயம், அதையும் விட்டா எனக்கு எங்க போக்கிடம் சொல்லு. கடைசில தாங்காமப் போனேன், வழக்கப்படி அடுக்கிக் காட்டினேன். யானையத் தள்ளியிருந்தா அப்பவே மேட்டாச்சே, தெரியலையா அண்ணாத்தன்னு ஜெரோம் கேட்டான். தெர்லப்பான்னு பொய் சொன்னேன். ராமானுஜம் நிமுந்தே பாக்காம, அவருக்குத் தெரியும், என்கூட ஆடறப்பவும் இப்படித்தான், ஜெயிச்ச ஆட்டத்த முடிக்கவே மாட்டார், முடிஞ்சா வீட்டுக்குப் போகணுமேன்னு சொன்னார். எனக்கு வந்துச்சி பாரு கோவம், யோவ் உன் வேலையப் பாருய்யான்னு கத்தினேன். கத்தினதுல கண்ணுல தண்ணி வந்துடுச்சி, அசிங்கமா போச்சி. வசுமதி டீச்சர்தான் அந்த சிப்பாய மறுபடி அதே கட்டத்துல வெச்சி, முடிங்க அண்ணே, முடிச்சிட்டு இன்னொண்ணு போடலாம், நாங்க எங்க ஓடிடப் போறோம்னாங்க. யானையத் தள்ளினேன். சகுந்தலா வந்து எதிர்ல உக்காந்து காய அடுக்கினா. அவகிட்ட செமத்தியா தோத்தேன்.

ஆனா திரும்பி வந்து பூட்டைத் தொறந்தா அதே வூடுதான், அத யாரு மாத்த முடியும். சோத்துல தண்ணி ஊத்தித் தின்னுட்டு உன்னத்தான் நெனச்சிகினு இருந்தேன். நீ போன் பண்ணினா விஷயமெல்லாம் தீந்த பொறவும் அப்புறம், அப்புறம்னு இழுத்துகினே கீறேன். உனக்கு டூட்டிக்கு நேரமாவறது எனக்குக் குரல்லயே தெரியும், தெரிஞ்சும் முருங்கக்கா விலையச் சொல்லுவேன். நீயும் பாவம் உம் கொட்டுவ. அதனாலதான் உன் போன் வர்றதே கொறஞ்சி போச்சோன்னு இப்பத் தோணுது. உன்மேல குத்தம் சொல்லல கண்ணு. எனக்குத்தான் பேஜாரா கீது.

மாப்பிள்ளைய ரொம்ப விசாரிச்சதா சொல்லு. வெளிய போவும்போது காத மூடிகினு போ, டூட்டி முடிச்சி வந்து வெறும் வயித்துல படுக்காத. ரெண்டு பேரும் நோய் நொடி இல்லாம ஒத்துமையா நூறு வருஷம் இருக்கணும், உங்கம்மாவும் மேல இருந்து அதத்தான் கேப்பா. ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சிக்க. இந்த வாரம் கூப்டு, விஷயத்தச் சொல்லிட்டு போனை நானே மொதல்ல வெச்சிடறேன். நீ மறுபடியும் கூப்டு.

உன் அப்பா
கருப்பன்