‘சும்மா’ என்று அழுத்திய கை

என் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம், உன் குதிகால் வலி இப்போது எப்படி இருக்கிறது? வாரம் தவறாமல் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் காகிதமும் பேனாவும் தேடினார் என்று யோசிப்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ அழுதுகொண்டே பேசியதிலிருந்து மூன்று தடவை போனை எடுத்து எடுத்துக் கீழே வைத்துவிட்டேன். உன் கிடங்கு வேலை போனதைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும், உன் குரலைக் கேட்டுக்கொண்டே அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அதற்குமுன் வீட்டு விஷயம் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பார்வை இப்போது அநியாயத்துக்குத் தெளிவு, அலமாரிக்கு அடியில் இருக்கிற தூசிகூடத் தெரிகிறது, பெருக்குவது மட்டும் நான். மாடிக் குழாய் ஒழுகல் நின்றபாடில்லை. கீழ்வீட்டுத் தையற்காரர் உன்னை விசாரித்தார். நான் ஓய்வுபெற்று மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது நீ இந்தக் கம்ப்யூட்டரை வாங்கி அனுப்பினாய் அல்லவா, அதில் வீட்டிலிருந்தே பார்க்கிற ஒரு வேலையும் கிடைத்தது, அன்றிலிருந்து அவருக்கு நான் கம்ப்யூட்டர் சார். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். பஸ்ஸில் முப்பது வருஷம் டிக்கெட் பரிசோதகனாக இருந்தவன், ஒருத்தரையும் தப்பவிட்டதில்லை. பஸ்ஸுல பிடிச்சது பத்தாதுன்னு வீட்ல உக்காந்தும் பிடிக்கிறீங்களா என்று அம்மா கேலி செய்வாள், நானும் சிரிப்பேன்.

என்ன வேலை என்று உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுதி வாங்கியிருந்தார்கள். ஏதோ ஒரு கிடங்கு, எந்த ஊர், யாருடையது என்று எதுவும் தெரியாது. பத்து விநாடி வீடியோ ஒன்று வரும், அதில் இருப்பவர்களின் முகம் மங்கலாக்கப்பட்டிருக்கும், கீழே இரண்டு பட்டன், ஒன்று ‘வேலை’, இன்னொன்று ‘சும்மா’. யோசிக்க நாலு விநாடி. அழுத்தினால் அடுத்தது வந்துவிடும், ஒரு நாளைக்கு ஆயிரத்துக்குக் குறையாது. நிற்பவர், உட்கார்ந்தவர், சுவரில் சாய்ந்தவர் எல்லோரும் சும்மா. அங்கே எனக்குப் பெயர் கிடையாது, பார்வையாளர் என்று ஒரு எண்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரி என்று அந்த எண்ணுக்கு நட்சத்திரம் கொடுத்தார்கள், அதை உனக்குக்கூடப் படம் பிடித்து அனுப்பினேன்.

நீ ஞாயிறன்று சொன்னாய், செவ்வாய்க்கிழமை மத்தியானம் குதிகால் குத்தல் தாங்காமல் நீலப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி வண்டிக் கைப்பிடியில் மாட்டிவிட்டுக் காலைத் தேய்த்ததாக. ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை, அது மூன்றாவது, சாயங்காலமே உன் அடையாள அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. மெஷின் பாத்துச் சொல்லிடுச்சாம்ப்பா, மெஷின்கிட்ட நான் எப்படிச் சண்டை போடுறது என்று கேட்டாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாப்பா, அது மெஷின் இல்லை. நான்.

அந்த நீலப் பெட்டியை நான் பார்த்தேன். கைப்பிடியில் தொங்கிய ஷூவையும் பார்த்தேன். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பள்ளிக்கூட நாளில் அழுக்குப் படும் என்று ஷூவைச் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வருவாயே, அது ஞாபகம் வந்தது. அட, நம்ம பாப்பா மாதிரியே என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன். சிரித்துக்கொண்டேதான் ‘சும்மா’வை அழுத்தினேன். அவளுக்குக் கால் வலி என்று தெரிந்தது பாப்பா, அது யாருக்கும் தெரியும். வலிக்கு அங்கே பட்டன் இல்லை, ஆனால் நாலு விநாடி எதையும் அழுத்தாமல் சும்மா இருந்திருக்கலாம், என் கை இருக்கவில்லை. முதல் இரண்டும் யார் அழுத்தியதோ, அவையும் நான்தானோ. உன்னை நடக்கப் பழக்கிய கை இது.

அம்மாவிடம் நேற்று சொன்னேன். கம்ப்யூட்டர்மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தொழிலாளர் அலுவலகத்தில், ஆள் யாரும் செய்யவில்லை, கம்ப்யூட்டர் எடுத்த முடிவு, யார்மேல் புகார் எழுதுவது என்று உன்னைத் திருப்பி அனுப்பினார்களாமே. என்மேல் எழுது. இந்தக் கடிதத்தை அப்படியே கொண்டுபோய்க் கொடு. பார்த்தது ஒரு மனுஷன், வலியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தே அழுத்தினான் என்று என் கைப்பட எழுதியிருக்கிறேன். உன்னைப் போலவே வெளியே நிற்கிற மற்றப் பெண்களுக்கும் காட்டு. என் வேலை போகும், கேஸ் போட்டாலும் போடுவார்கள், அதைப் பற்றி நீ கவலைப்படாதே. இவர் யார் என்று கேட்டால் எனக்காக வெட்கப்பட்டு மறைக்காதே, என்னைப் பெற்றவர் என்று சொல்.

டாக்டரிடம் காலைக் காட்டாமல் தள்ளிப்போடாதே, சாப்பாட்டு வேளை தவறாதே. நீ தலை நிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் நானும் வேறெதுவும் கேட்கவில்லை. என்னிடம் பேச மனசு வரும்போது பேசு, அதுவரை அம்மாவிடமாவது பேசு.

உன் அப்பா,
பார்வையாளர் எண் 40716