அஞ்சுக்கு அஞ்சு, அணியும் அஞ்சு

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முழங்காலில் நியூசிலாந்து வரைபடம் போல ஒரு கன்றல். வடக்குத் தீவு மட்டும் வலிக்கிறது.

நேற்று எங்கள் காலேஜ் நடத்திய லக்ராஸ் போட்டியில் எங்களுக்கு இரண்டாமிடம். நுனியில் வலை கட்டிய கோலால் கோல் போட வேண்டும், அவ்வளவுதான் லக்ராஸ். இதைவிடச் சுருக்கமாக எந்த மொழியில் சொல்ல முடியும்? திருச்சிப் பெரியம்மா போனில், “பதினாறு வயசுலயே காலேஜா? டபுள் ப்ரமோஷனா?” என்றாராம். இந்த ஊரில் ஹைஸ்கூலைத்தான் காலேஜ் என்பார்கள் என்று அம்மா திருத்தவில்லை. கேட்க நன்றாக இருந்ததாம்.

எட்டு வருஷமாக நடக்கும் போட்டி. எங்கள் மைதானம், எங்கள் சேறு, எங்கள் சாசேஜ் புகை. ஆக்லாந்தில் இதைவிடப் பெரிய போட்டிகள் இருக்கலாம், இதைவிட நல்ல சேறு இருக்காது.

ஆனால் இந்த முறை ஐந்தே அணிகள். செயின்ட் ஓர்லா காலேஜ் வரவில்லை. ‘போதிய ஆட்கள் இல்லை’ என்று ஒரு வரிக் கடிதம். ஐந்து அணி என்றால் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணி சும்மா குளிரில் உட்கார்ந்திருக்கிறது. செப்டம்பர் 12 கமிட்டிக் கூட்டத்தில் ஆறாவது அணிக்கு வழி தெரியாவிட்டால் போட்டியையே நிறுத்திவிடுவார்களாம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? மிஸ் வொட்டன் சொன்னார். விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியை. ஸ்கோர் எழுதும் பெஞ்சில் ‘பெயின்ட் காயவில்லை’ என்று தாள் ஒட்டியது நான்தான் என்று கண்டுபிடித்துவிட்டார். பாவம், ஸ்டாண்டிங்ஸ், அதாவது புள்ளிப் பட்டியல், எழுதும் அம்மாள் மூன்று ஆட்டமும் ஸ்டாண்டிங்கிலேயே எழுதினார்.

“அபர்ணா, உன் வாயை வேலைக்கு அனுப்பப் போகிறேன்” என்று ஒரு அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்தார். எண்பத்து மூன்று கருத்துப் படிவங்கள். எல்லாவற்றையும் படித்து, போட்டியை எப்படி மேம்படுத்தலாம் என்று நான் அறிக்கை எழுத வேண்டும்.

தண்டனைதான். ஆனால் போட்டியைக் காப்பாற்றும் தண்டனை. கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் பெட்டியை வாங்கினேன்.

(இதைத் தமிழில் எழுதக் காரணம்: தங்கச்சி இங்கேயே பிறந்தவள். அவளுக்குத் தமிழ் காதில் ஏறும், கண்ணில் ஏறாது. பூட்டு தேவையில்லை.)

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எண்பத்து மூன்றும் படித்தாயிற்று. எழுபத்தொன்பது பேர் அஞ்சுக்கு அஞ்சு. அஞ்சி அஞ்சிப் போட்ட அஞ்சு. ‘எதை மாற்றலாம்?’ என்ற கட்டத்தில் எல்லாரும் ‘ஒன்றுமில்லை’, ‘ஆல் குட்’. ஒருவர் மட்டும் ஒரு சாசேஜ் படம் வரைந்திருக்கிறார். அழகான சாசேஜ். அதை வைத்து என்ன அறிக்கை எழுதுவது?

அம்மாவின் படிவமும் இருந்தது. அஞ்சுக்கு அஞ்சு, கீழே ‘வெரி நைஸ் அரேஞ்ச்மென்ட்’. இதே அம்மாதான் சனிக்கிழமை காரில் மவுண்ட் ஆல்பர்ட் தாண்டி நியூ லின் வரைக்கும் மூச்சு விடாமல் குறை சொன்னாள்.

“ஏம்மா, கார்ல சொன்னதை இதுல எழுத வேண்டியதுதானே?”

“எழுத்துல போட்டா அவங்க மனசு கஷ்டப்படும்டி.”

“கார்ல சொன்னா?”

“கார்ல நாமதானே இருக்கோம்.”

நம் ஆட்கள்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். இந்த ஊர் வெள்ளைக்காரர்கள் நமக்கு அண்ணன்கள். மழையில் ஊறி நின்றுகொண்டே ‘ஆல் குட்’ என்கிறார்கள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பன்னிரண்டு பேரை நேரிலேயே கேட்டேன். பன்னிரண்டு ‘சூப்பர்’. குறை சொல்லச் சொன்னால் குரலைக் குறைக்கிறார்கள்.

ஒன்று கவனித்தேன். சும்மா ஒரு பேச்சுக்கு, “அடுத்த வருஷம் இன்னும் சீக்கிரம் ஆரம்பிக்கப் போறாங்களாம்” என்றேன். எங்கள் அணி மியாவின் அப்பா காபியைக் கீழே வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் பேசினார். ஆஹா! இவர்களுக்குக் குறை சொல்லத்தான் வராது. திருத்தச் சொன்னால்?

எனக்கு ஒரு யோசனை. நல்ல யோசனையா, சஸ்பென்ஷன் யோசனையா? சீக்கிரமே தெரியும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அனுப்பிவிட்டேன்! போட்டிக்கென்று மிஸ் கொடுத்த மின்னஞ்சலிலிருந்து, இரண்டு வருஷத்துப் பெற்றோர் பட்டியல் முழுவதற்கும். தலைப்பு: ‘அடுத்த ஆண்டு மாற்றங்கள் – வரைவு’.

முதல் ஆட்டம் காலை ஐந்தரைக்கு. கழிப்பறை இன்னும் முந்நூறு மீட்டர் தள்ளிப் போகும், நடை உடம்புக்கு நல்லது. சைவ சாசேஜும் மற்ற சாசேஜும் ஒரே தட்டில் குடும்பமாக வேகும். எந்த மைதானத்தில் ஆட்டம் என்பது ஆட்டம் முடிந்தபின் அறிவிக்கப்படும். மைக்கில் நகைச்சுவை இரண்டு மடங்கு. ஆட்சேபம் இருந்தால் எழுதவும்.

இரவுச் சாப்பாட்டுக்குள் நாற்பத்தொரு ஆட்சேபம்! பத்தி பத்தியாக. ஒருவர் கழிப்பறைக்குப் போகும் வழியை வரைந்தே அனுப்பியிருக்கிறார், பள்ளம் விழுந்த இடமெல்லாம் குறித்து. அம்மா பதினோரு வரி எழுதியிருக்கிறாள். அடுக்களையில் அப்பாவிடம், “ஐந்தரையாம்ல! எட்டரை ஆட்டமே எனக்கு ஏழரையா இருக்கு” என்று பொரிந்தது ஹாலுக்குக் கேட்டது. கோபத்தில் கீழே என் பெயர் வரைக்கும் படிக்கவில்லை போல, எழுதினது பெற்ற மகள் என்று இன்னும் தெரியாது. தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மிஸ் வொட்டன் கூப்பிட்டார். அச்சடித்த பதில்கள் மேசைமேல். ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு சொன்னது:

“எட்டு வருஷமாக இவர்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒருத்தரும் வாயைத் திறந்ததில்லை.” தாள்களை என் பக்கம் தள்ளி, “இனி என்னைக் கேட்காமல் அனுப்பாதே. இப்போது போ, தொடர்ந்து செய்.”

நடக்கவில்லை, மிதந்துகொண்டே வகுப்புக்குப் போனேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குறும்புக்கு ‘தொடர்ந்து செய்’.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று வந்த ஒரு பதில். தமிழில். கீழே என் பெயரைப் பார்த்திருக்க வேண்டும்.

‘தங்கச்சி, மைக் கூட்ட வேண்டாம். போன வருசம் அந்த மைக்கில கதைச்ச கதையாலதான் எங்கட பிள்ளை இனிக் கோலுக்க நிக்க மாட்டன் எண்டவ. அதுக்குப் பிறகு வேற ஒருத்தியும் நிக்க வரேல்ல. கோலி இல்லாமல் என்னெண்டு டீம்? – இராசமலர், கஜானியின்ர அம்மா, செயின்ட் ஓர்லா.’

மைக்கில் பேசியது நான்.

ஆகஸ்ட் 20, புதன்

எல்லாம் ஞாபகம் இருக்கிறது. இல்லை என்று இந்த நோட்டிடமே பொய் சொல்லி என்ன பயன்?

போன வருஷம் செயின்ட் ஓர்லா கோலி, அதாவது கோல்கீப்பர், பத்தொன்பது கோல் வாங்கினாள். ஆட்டம் முடிந்ததும் நான் மைக்கைப் பிடித்து, “இந்த ஆண்டின் சிறந்த விருந்தோம்பல் விருது! வந்த விருந்தாளி பத்தொன்பது பேரையும் வாசல் திறந்து உள்ளே அழைத்த கோலிக்கு!” என்றேன். மைதானமே சிரித்தது. அது என் சாதனைப் பட்டியலில் முதலிடம் – அதாவது, நேற்று வரைக்கும்.

அப்போது அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஹெல்மெட்டுக்குள் யார் என்றே யோசிக்கவில்லை. யோசிச்சிருக்க வேண்டாமா? ஏன் யோசிக்கல நான்?

இந்தப் பதிலை மிஸ் இன்னும் பார்க்கவில்லை. அழிக்கிற பொத்தான் வரைக்கும் விரல் போனது.

ஆகஸ்ட் 21, வியாழன்

அழிக்கவில்லை. இராசமலர் ஆன்ட்டிக்கு எழுதினேன்: மைக்கில் பேசியது நான்தான், நேரில் வரலாமா?

பதில் ஒரே சொல்: ‘வாங்கோ.’

ஆகஸ்ட் 23, சனி

பக்குரங்காவில் இராசமலர் ஆன்ட்டி வீடு. ரயில் மாறி, பஸ் மாறி, ஒன்றரை மணி நேரம். வழி முழுக்க மன்னிப்பை ஒத்திகை பார்த்தேன். எல்லாமே ஜோக் மாதிரியே வந்தது.

கதவைத் திறந்ததும் ஆன்ட்டி, “வாங்கோ பிள்ளை, குளிருக்க வந்திருக்கிறியள், முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ” என்றார். ரோல்ஸ் வைத்தார். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் தட்டில் இன்னொரு ரோல்ஸ். மூன்றாவதை விழுங்கிவிட்டு ஒருவழியாக, “ஆன்ட்டி, நான் பேசினது தப்பு” என்றேன்.

“ஐயோ, அதொண்டும் இல்லை பிள்ளை. சின்னப் பிள்ளையள், பகிடிக்குத்தானே. போட்டி எல்லாம் நல்லாத்தான் நடந்தது.”

நேரில் வந்ததும் இவரும் அஞ்சுக்கு அஞ்சு!

கஜானி படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். என் வயசுதான். இங்கிலீஷில் சொன்னாள்:

“அம்மா பொய் சொல்றாங்க. நான் ரெண்டு நாள் ஸ்கூலுக்கே போகலை.”

ஆன்ட்டி எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார்.

“ஜோக் நல்லாத்தான் இருந்தது” என்றாள் கஜானி. “அதுதான் பிரச்சினை. என் டீமே சிரிச்சுது. அன்னைக்குக் காலையிலதான் முதல்தடவை ஹெல்மெட் போட்டேன். எங்க கோலிக்கு மணிக்கட்டு உடைஞ்சுடுச்சு. யாரும் வரலை, சரி நான் நிக்கிறேன்னு நின்னேன். அப்புறம் ஒரு வருஷமா ஸ்கூல்ல என் பேரு ‘வெல்கம் மேட்’, வாசல்ல போடுற மிதியடி. இனிமே அந்த ஹெல்மெட்டை யார் தொடுவா?”

சாரி என்றேன். எனக்கு, வாயாடிக்கு, ஒரே ஒரு சொல்!

அவள் படியிறங்கி வந்தாள். “எழுந்து வா.”

வீட்டுக்குப் பின்னால் பூங்கா. என் தலையில் ஹெல்மெட்டை மாட்டி, இரண்டு பைகளைக் கோல் கம்பமாக வைத்து, நடுவில் நிற்கச் சொன்னாள். இருபது பந்து எறிந்தாள். பதினெட்டு உள்ளே போனது. ஒன்று வெளியே. ஒன்றை என் வயிறு தடுத்தது, நான் தடுக்கவில்லை.

பந்து பெரிய விஷயமில்லை. நாயோடு வந்த இரண்டு பேர் நின்று பார்த்துச் சிரித்தார்கள். ஹெல்மெட்டுக்குள் அந்தச் சிரிப்பு இரண்டு மடங்காகக் கேட்கிறது. எங்கும் ஓட முடியாது, கம்பத்துக்கு நடுவிலேயே நிற்க வேண்டும்.

“கால் தப்பா வைக்கிறே” என்றாள் கஜானி. “எனக்கும் யாரும் சொல்லித் தரலை. அதுக்கப்புறம் நானே பார்த்துக் கத்துக்கிட்டேன்.”

அப்படியென்றால் விடவில்லை அவள்! தனியாகப் பழகியிருக்கிறாள், ஒரு வருஷமாக, அணியே இல்லாமல்.

செப்டம்பர் 11, வியாழன்

அறிக்கை தயார். ஆறு பக்கம். கழிப்பறை, சாசேஜ், மைதான எண் பலகை, தொடங்கும் நேரம். ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர் கேட்டார்கள் என்ற கணக்கோடு. இவ்வளவு ஒழுங்காக நான் எதையும் எழுதியதில்லை. கடைசிப் பக்கத்தை மூன்று தடவை கிழித்தேன். நாலாவது தடவை கிழிக்கவில்லை. கஜானியிடம் படித்துக் காட்டினேன். “என் பேரை எடுத்துடு, உன் பேரை வை” என்றாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

கமிட்டி அறையில் ஒன்பது பேர். கடைசிப் பக்கத்தை நின்றுகொண்டே படித்தேன்.

‘செயின்ட் ஓர்லா வராததற்குக் காரணம் ஆட்கள் குறைவு அல்ல. சென்ற ஆண்டு மைக்கில் ஒரு கோலியைக் கேலி செய்தார்கள். செய்தது நான், அபர்ணா தண்டபாணி. மைக்கில் இனி ஆட்ட விவரம் மட்டும் சொல்ல வேண்டும். புதிய கோலிகளை யாரும் பழக்காமல் நிறுத்துகிறோம். போட்டிக்கு முன் எல்லாப் பள்ளிக் கோலிகளுக்கும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி வேண்டும்.’

யாரும் ‘ஆல் குட்’ சொல்லவில்லை. அதுவே எனக்கு ஆறுதல்.

தீர்ப்பு: மைக் இனி என் கையில் இல்லை. கோலிப் பயிற்சி உண்டு. மார்ச் மாதத்துக்குள் ஆறாவது அணி பெயர் கொடுத்தால் போட்டி உண்டு.

காரில் அம்மா அறிக்கையைப் படித்தாள். சிக்னல் பச்சையானது தெரியாமல் பின்னால் ஹார்ன்.

“உன் பேரை நீயே எழுதணுமாடி?”

“ஆமா.”

நியூ லின் வரைக்கும் ஒரு குறையும் சொல்லவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, “எழுத்து நல்லா இருக்கு. அப்பாவுக்கும் காட்டு” என்றாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

முதல் கோலிப் பயிற்சி. நான்கு பேர் வந்தார்கள். கஜானி வரவில்லை. பந்து பொறுக்கினேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

கஜானி வரவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

வந்தாள்! பயில வரவில்லை, கால் வைக்கச் சொல்லிக் கொடுக்க வந்தாளாம். மற்ற நான்கு பேரும் அவளைச் சுற்றி நின்று கேட்டார்கள். என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. போகும்போது மட்டும், “நீ பந்து நல்லாப் பொறுக்குறே” என்றாள். பாராட்டா, குத்தலா? இரண்டையும் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 6, வெள்ளி

செயின்ட் ஓர்லா பெயர் கொடுத்துவிட்டது. மிஸ் வொட்டன் நடைபாதையிலேயே இரண்டு கையையும் தூக்கி ஆறு விரல் காட்டினார்.

ஆகஸ்ட் 8, சனி

ஒன்பதாவது ஆண்டு. ஆறு அணிகள். காலையில் மற்ற ஐந்து அணிகளின் பேருந்துகளும் வரிசையாக நின்றதைப் பார்த்ததும் வீட்டுக் கல்யாணத்துக்குச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கியது போல இருந்தது எனக்கு.

செயின்ட் ஓர்லாவிடம் தோற்றோம், ஒன்பதுக்கு ஏழு. நான் அடித்த ஐந்தில் நான்கைக் கஜானி தடுத்தாள். நாலாவதைத் தடுத்ததும் எங்கள் பக்கத்திலிருந்தே யாரோ கைதட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் எங்கம்மா.

ஆட்டம் முடிய ஏழு நிமிஷம் இருக்கும்போது செயின்ட் ஓர்லாவின் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தலைமுடியை இறுக்கக் கட்டிக்கொண்டு, எல்லைக் கோட்டோரம் வந்து கத்தினாள்: “கஜானி, போதும்! ஹெல்மெட்டை எனக்குக் கொடு!”

“இன்னும் ஒரே ஒரு பந்து” என்றாள் கஜானி, பந்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

“போன பந்துக்கும் அதையேதான் சொன்னே!”