நாற்காலி இப்போது வேண்டாம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் கை போகிறது, இந்தத் தடவை முடியவில்லை. எனக்கு டைப் அடிக்க வராது, அதனால் பேப்பரில் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன். போனில் சொன்னால் அப்பா காதில் விழும், நம் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவர் கட்டிலுக்குக் கேட்டுவிடும். முழுக்கப் படித்துவிட்டுக் கூப்பிடு.

சக்கர நாற்காலிக் காசைக் கடைக்காரன் திருப்பிப் போட்டுவிட்டான், அகலம் குறைந்ததாக ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், ஆர்டர் போடட்டுமா என்று நேற்று சந்தோஷமாகக் கேட்டாய். பொறு, சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். முதல் நாற்காலி வந்த அன்றைக்கு, முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷர், ஒரு கையும் காலும் விளங்காமல் போன பிறகும், அதில் உட்கார்ந்ததும் பிரேக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, விசில் கொடு, வண்டியை எடுக்கணும் என்றார். ஆனால் அது பாத்ரூம் கதவுக்குள் நுழையவில்லை. உனக்கு நான் அளந்து சொன்னது ரூம் கதவை. பாத்ரூம் கதவு அதைவிட நாலு விரல் குறைவு என்று எனக்குத் தோன்றவே இல்லை. தப்பு என்னுடையது, உன்னுடையது இல்லை, இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்.

நீ சொன்னபடி கூரியர்காரர் வந்து அதை எடுத்துக்கொண்டு போனார், அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். பொருள் எங்கள் குடோனுக்கு வரவே இல்லை என்று கடையில் ஒரே பிடியாக நின்றார்கள். நான் பத்துத் தடவை போன் போட்டால் பத்துத் தடவையும் வேறு வேறு ஆள், ஒவ்வொருவரிடமும் ஆர்டர் நம்பரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு பெண், நல்லா யோசிச்சுப் பாருங்கம்மா, வேற யார் கையிலயாவது குடுத்திருப்பீங்க என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. குடோனில் யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள் என்று ஒரு பேப்பர் இருந்தால் போதும், நாங்கள் காசைத் திரும்ப வாங்கித் தருகிறோம் என்று உன் பேங்கில் சொன்னதும், நேரில் போனால்தான் அதைத் தருவார்கள் என்பதால் நான் கூரியர் ஆபீசுக்குக் கிளம்பினேன்.

அப்பா பக்கத்தில் தண்ணீர், போன், சிறுநீர்ப் பாத்திரம் எல்லாம் வைத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவேன், எழுந்திருக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். அங்கே கிளார்க் சாப்பிடப் போயிருந்தார். வந்த பிறகு பிரிண்டர் ஓடவில்லை. இரண்டரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்து வாங்கினேன். குடோன் சீல், தேதி, கையெழுத்து, எடை, எல்லாம் அச்சாக இருந்தது. வாசற்படியிலேயே போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன், நீயும் கை தட்டும் படம் போட்டாய். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் தரையில் கிடந்தார் பாப்பா. பாத்திரத்தில் போக அவருக்கு மனசு வரவில்லை. எவ்வளவு நேரமாக இப்படிக் கிடக்கிறீர்கள் என்று கேட்டேன். "நீ இப்பத்தான் போன மாதிரி இருக்கு" என்றார். அவர் நனைத்திருந்த வேட்டி காய்ந்தே போயிருந்தது.

மாடி வீட்டு எலக்ட்ரீஷியன்தான் கூடவே ஆஸ்பத்திரிக்கு வந்தார். இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்தால் இருதயம் தாங்காது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இது நடந்து இருபத்தி மூன்று நாள் ஆகிறது. நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா தூங்குகிறார் என்று சொன்னது நான்தான், சொல்லச் சொன்னது அவர். இப்போது நெஞ்சில் சளி கட்டிவிட்டது. கஞ்சி இரண்டு கரண்டிக்கு மேல் இறங்குவதில்லை. வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ், நேற்று என்னை வாசலுக்குக் கூட்டிப்போய், வர வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார்.

இன்று காலையில் துடைத்துவிடும்போது, செக்கர் எப்ப வர்றாளாம் என்று கேட்டார். டிக்கெட்டை எண்ணிக்கொண்டு அவர் பின்னாலேயே சுற்றிய நாளிலிருந்து நீ அவருக்குச் செக்கர்தானே. வரச் சொல்லட்டுமா என்றேன். வேண்டாம், லீவு வீணாகிவிடும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாற்காலி வேண்டாம். அந்தக் காசுக்கு டிக்கெட் போடு, போதாவிட்டால் மாப்பிள்ளையிடம் கேள், கூச்சப்படாதே. எந்தக் கடவுளாவது நீ வந்து சேரும்வரை அவரைப் பிடித்து வைத்திருக்கட்டும், நீங்கள் இருவரும் நூறு வயது நன்றாக இருங்கள். ஒன்றே ஒன்று மறக்காதே, நான் எழுதியது அவருக்குத் தெரியக் கூடாது. லீவு கிடைத்தது, சும்மா வந்தேன் என்று சொல். அழுகிற அழுகையெல்லாம் வழியிலேயே அழுது முடித்துவிட்டு உள்ளே வா.

உன்
அம்மா