என் பெயரில் ஒரு ப்ளிமத்

ஆகஸ்ட் 12, 2025, செவ்வாய்

கறிவேப்பிலை தீர்ந்து நாலு நாள் ஆகிறது. இளமாறனிடம் சொன்னேன். "சனிக்கிழமை பாக்கலாம்மா" என்றான். என் மகன் கெட்டவன் இல்லை. அவனுடைய வாரத்தில் எனக்கு ஒதுக்கிய நாள் சனிக்கிழமை, அவ்வளவுதான்.

கடல் தாண்டி மகனோடு வந்து தங்கியிருக்கும் இந்த ஆலன் ஊரில் பஸ் கிடையாது. போன வருடம் கடைக்கு நடந்தே போகலாம் என்று கிளம்பினேன். இரண்டரை மைல்தானே? ஒரு மைலில் நடைபாதை தீர்ந்துபோயிற்று. புல்லில் நடந்தேன். ஒரு போலீஸ் கார் பக்கத்தில் ஊர்ந்து வந்து, வழி தெரியவில்லையா என்று கேட்டு, ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விட்டது. மருமகள் கௌசிகாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கு வழி நன்றாகவே தெரியும். அதை அந்தப் போலீஸ் பையனுக்கு எப்படிச் சொல்வது?

மாலை என் தோழி அனந்தலக்ஷ்மி போன் செய்தாள். ஃப்ரிஸ்கோவில் மகள் வீட்டில் இருக்கிறாள். பதினோரு மைல். பழகி நான்கு வருடமாகிறது, நேரில் பார்த்தது ஒன்பது தடவை. எண்ணி வைத்திருக்கிறேன். "ஜனவரி பத்தாம் தேதி ஊருக்கே கிளம்பறேன். ஒன் வே. போறும்டி. கோயிலுக்குப் போகணும்னாக்கூட மாப்பிள்ளையோட காலண்டரைப் பாக்க வேண்டியிருக்கு."

சட்டென்று சொல்லிவிட்டேன்: "ஏர்போர்ட்டுக்கு உன்னை நான்தான் கொண்டுபோய் விடுவேன். என் கார்ல."

"எந்தக் கார்டி?"

அதானே. எந்தக் கார்?

ஆகஸ்ட் 21, வியாழன்

எழுத்துத் தேர்வு எழுதினேன். முப்பதுக்கு இருபத்தெட்டு. இனி லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருந்தால் ஓட்டிப் பழகலாம். தப்பான இரண்டு எவை என்று கேட்டேன். அதெல்லாம் காட்ட மாட்டார்களாம். தப்பைக் காட்டாத பரீட்சை என்ன பரீட்சை?

கூட்டிப்போனது எதிர்வீட்டுத் திரேசா. யாழ்ப்பாணத்துக்காரி. இருபத்திரண்டு வருடம் விமானம் ரிப்பேர் செய்யும் ஷெட்டில் மெக்கானிக்காக இருந்தவள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன், ஒரு கார் வாங்கப்போவதாக. 

"உனக்கு எதுக்கும்மா கார்? ஊபர் ஆப் போட்டுத் தரேன்."

"அதுவும் உன் போன்ல, உன் கார்டுலதானே வரும்?"

"அறுபத்தேழு வயசும்மா உனக்கு!"

"எனக்குத் தெரியாதா?"

கௌசிகா தட்டைப் பார்த்துக்கொண்டே, "அத்தை கேக்கறது ஒரு கார்தானே" என்று முணுமுணுத்தாள். அவன் அவளைப் பார்த்த பார்வை! ஒரு பழைய கரோலா கூட வேண்டாமாம். ரிஸ்க்காம். முப்பத்தோரு வருடம் கோவில்பட்டியில் பெண்பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள் நான். அமிலக் குப்பியும் மின்கம்பியுமாக நாற்பது பேரை ஆய்வுக்கூடத்தில் கட்டி மேய்த்திருக்கிறேன். ரிஸ்க் என்றால் என்ன என்று எனக்குப் பாடம் எடுக்கிறான்.

செப்டம்பர் 3, புதன்

திரேசா வீட்டுக் கராஜில் ஒரு கார் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. 1971 ப்ளிமத், எட்டு சிலிண்டர், ஆட்டோமேட்டிக். ஆரஞ்சு நிறம் வெளுத்துத் தேமல் பிடித்திருக்கிறது. பின்பக்கம் 'டஸ்டர்' என்று எழுதியிருந்தது. சிரித்துவிட்டேன். வாழ்நாளெல்லாம் கையில் வைத்திருந்த சாமான்.

அவள் கணவர் தம்பிராஜா தானே சரிசெய்து ஓட்டுவதாக வாங்கியதாம். "பத்தொன்பது வருசம் அக்கா. துடைக்கிறது, பாக்கிறது, பிறகு தார்ப்பாயைப் போட்டு மூடுறது. நீங்கள் கொண்டு போங்கோ. இல்லாட்டி நான் பழைய இரும்புக்குத்தான் குடுப்பன்." தம்பிராஜா உள்ளேயிருந்து, "நான் இன்னும் உயிரோடதான் இருக்கிறன்!" என்று குரல் கொடுத்தார்.

முன்பக்கத்தைத் திறந்து காட்டினாள். ஒருமுறை இளமாறனின் மின்சாரக் காரின் முன்பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பெட்டி வைக்கும் காலி இடம். இதில் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. ரேடியேட்டர், பேட்டரி, கார்புரேட்டர். பெர்னோலி தத்துவத்துக்கு எடுத்துக்காட்டு என்று வருடா வருடம் எழுதிப்போட்டேனே, அந்தக் கார்புரேட்டர். கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேன்! தொட்டுப் பார்த்தது இன்றைக்குத்தான்.

வாங்கிவிட்டேன். டைட்டில் என்று ஒரு காகிதம் தருகிறார்கள். உரிமையாளர்: வான்மதி சேனாபதி. இந்த நாட்டில் என் பெயரில் வேறு எந்தப் பொருளும் இல்லை.

செப்டம்பர் 4, வியாழன்

இளமாறன் சாப்பாட்டுத் தட்டைத் தன் அறைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டான். சரி.

செப்டம்பர் 19, வெள்ளி

தினமும் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை திரேசாவின் கராஜ். பெட்ரோல் டேங்கில் பழைய பெட்ரோல் பசையாக உறைந்து கிடந்தது. மூன்று நாள் சுரண்டினோம். கார்புரேட்டரைப் பிரித்து, எந்தத் திருகு எங்கிருந்து வந்தது என்று இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாக வைத்தேன். திரேசா பார்த்துவிட்டு, "எங்கட விமான ஹேங்கரில இப்பிடி ஒரு தட்டு இருந்திருந்தால்!" என்றாள். கௌசிகா இட்லித் தட்டைத் தேடிக்கொண்டிருக்கிறாள். இன்னும் சொல்லவில்லை.

அக்டோபர் 4, சனி

என்ஜின் ஓடிவிட்டது!! ஏழாவது முயற்சி. பதினொரு நொடி ஓடி நின்றது. பிறகு நிற்காமல் ஓடியது. மூன்று வீடு தள்ளி நாய் குரைத்தது. காரை நகர்த்தி எங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தோம். இளமாறன் ஜன்னல் திரையை இழுத்து மூடினான்.

அக்டோபர் 10, வெள்ளி

திரேசா மகள் வீட்டுக்கு ஹூஸ்டன் போயிருக்கிறாள். பிரேக்கின் ரப்பர் வாஷர்களை மட்டும் நானே மாற்றிவிட்டேன். புதுசு, விறைப்பாக இருந்தது, உள்ளே நுழையவில்லை. குக்கர் காஸ்கெட்டுக்கு எண்ணெய் தடவினால் வழுக்கிக்கொண்டு போகாதா? சமையல் எண்ணெய் நாள்பட்டால் பிசுக்கு ஏறும் என்று யோசித்து, தையல் மெஷின் எண்ணெயைத் தடவினேன். வெண்ணெயாக இறங்கிற்று. திரேசா ஊரில் இல்லாமலே முடித்துவிட்டேன்.

அக்டோபர் 18, சனி

எழுதக் கை வரவில்லை.

முதல் ஓட்டம். திரேசா பக்கத்தில். தெருமுனை வரை அருமையாகப் போனது. ஒரு தடவை பிரேக் அழுத்தினேன், நின்றது. திரும்பி வரும்போது கார் தானாகவே மந்தமாயிற்று. கருகல் வாடை. முன்சக்கரங்களிலிருந்து புகை. நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டது. காலை எடுத்தும் பிரேக் விடவில்லை. பின்னால் ஹார்ன். யார் என்று பார்த்தால் இளமாறன், சாமான் வாங்கிக்கொண்டு வருகிறான். இறங்கி வந்து தெருவிலேயே கத்தினான். "போதும்மா! போதும்! இன்னிக்குப் பிடிச்சிக்கிச்சு. நாளைக்குப் பிடிக்கலைன்னா என்ன பண்ணுவ?"

 அது சரியான கேள்வி.

திரேசா சக்கரத்தைக் கழற்றி ரப்பரை எடுத்துக் காட்டினாள். "என்னத்தைப் பூசினீங்கள் அக்கா?" சொன்னேன். "மெஷின் எண்ணெயோ! ஐயோ ஆண்டவரே. பிரேக் ரப்பருக்கு அது நஞ்சு. பாருங்கோ, உழுந்து வடை மாதிரி ஊதிப்போச்சு." உப்பிய ரப்பர், பிரேக் திரவம் திரும்பும் ஓட்டையை அடைத்துவிட்டது. அழுத்தம் உள்ளேயே தங்கிவிட்டது. பாஸ்கல் விதியை எத்தனை வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தேன், இரண்டு ஊசிக்குழாயும் ஒரு டியூபும் வைத்துக்கொண்டு! விதி தெரியும். ரப்பர் தெரியாது.

விடை தப்பு. செய்முறைக்கும் மதிப்பெண் கிடையாது. பக்கத்தில் திரேசா இருந்தாள் அல்லவா? என்னை மட்டும் வைத்து விளையாடியிருந்தால் பரவாயில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

கௌசிகா சமையலறையில் மெதுவாகச் சொன்னாள்: "அத்தை, அவர் காரைப் படமெடுத்து விக்கறதுக்கு ஆன்லைன்ல போட்டிருக்கார்."

நேராக அவன் அறைக்குப் போனேன். டைட்டில் காகிதத்தை அவன் லேப்டாப் மேல் வைத்தேன். "என்னடா நெனச்சிட்ட? யாரோட பேரு இதுல? படி. என் கையெழுத்து இல்லாம நீ ஒரு நட்டு கூட விக்க முடியாது. நான் தப்பு பண்ணேன். ஆமா. பெரிய தப்பு. நான் ஒத்துக்கறேன். ஆனா தப்பு பண்ண பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டே அனுப்பிடுவாங்களா? நீ கெமிஸ்ட்ரில ஃபெயிலானப்ப அனுப்பினேனா?"

அவன் காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தான். விளம்பரத்தை எடுத்துவிட்டான்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அதிரசம் சரியாக வந்தது. அதுவாவது.

நவம்பர் 8, சனி

மூன்று வாரம். பழைய ரப்பர், குழாய், திரவம் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து. ஒவ்வொரு படியும் திரேசா பார்த்து, "ம்" என்ற பிறகுதான் அடுத்தது. என் உயரம் நாலடி பதினொன்று. பெடலில் இரண்டு அங்குலக் கட்டை வைத்து போல்ட் போட்டுத் தந்தாள். அதில் கடைசி இரண்டு வாரம் ஓட்டி ஓட்டிப் பார்த்தோம்.

நாளைக்குப் பிடிக்கவில்லை என்றால் என்ன என்ற இளமாறனின் கேள்விக்கு வாயால் பதில் சொல்லக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். காலை, அவனோடு பள்ளிக்கூடம் ஒன்றின் காலி பார்க்கிங். சாக்பீஸால் ஒரு கோடு. "டேப்பைப் பிடி. நான் இருபத்தஞ்சு மைல் வேகத்துல வந்து இந்தக் கோட்டுல பிரேக் அடிப்பேன். எங்க நிக்குதோ அளந்து சொல்லு." முணுமுணுத்துக்கொண்டே வந்தான். இருபது தடவை. எட்டாவது தடவைக்குப் பிறகு நான் கேட்காமலே தூரத்தைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தான். பதினைந்தாவதில், "அம்மா, இது மட்டும் ரெண்டடி கூட. ஈரமா இருக்கு பாரு அங்க" என்றான். பிறகு இருபது எண்களையும் போனில் கூட்டி சராசரி எடுத்தான்.

காருக்குள் தலையை விட்டுப் பார்த்தான். "சீட் பெல்ட் நாரா இருக்கு. இதைப் போட்டுக்கிட்டு ரோட்டுக்கு வரக்கூடாது."

"சரி. மாத்து."

"நானா?"

"ஸ்பேனர் அந்தப் பெட்டில இருக்கு."

நவம்பர் 16, ஞாயிறு

புது பெல்ட் இரண்டு. மாட்ட அவனுக்கு நாலு மணி நேரம் ஆயிற்று. கட்டைவிரலில் காயம். நன்றாக மாட்டியிருக்கிறான்.

நவம்பர் 20, வியாழன்

லைசென்ஸ் தேர்வு. ஃபெயில். இரண்டு கம்பத்துக்கு நடுவே ஓரமாக நிறுத்தச் சொன்னார்கள். ஸ்டியரிங் அம்மிக்கல். கம்பத்தில் இடித்துவிட்டேன். அடுத்த முறை சின்னக் காராகக் கொண்டுவாருங்களேன் என்றார் தேர்வாளர், அன்பாகத்தான். இளமாறனும் தன் காரைக் கொண்டுபோகச் சொல்கிறான், அது தானாகவே நிறுத்திக்கொள்ளுமாம்.

மாட்டேன்.

டிசம்பர் 4, வியாழன்

பாஸ். அதே கார், அதே கம்பம். தேர்வாளரே கை தட்டினார்.

டிசம்பர் 9, செவ்வாய்

தனியாக. உள்ரோடு வழியாகப் பதினோரு மைல், ஐம்பது நிமிடம். அனந்தலக்ஷ்மி புடவை மேல் ஸ்வெட்டரோடு வாசலுக்கு ஓடிவந்தாள். "என்னடி இது, ரைஸ் மில்லாட்டம்!" நாலு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து சக்கரத்துக்கடியில் வைத்தாள். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. ஆனாலும் ஏற்றினேன். அவளுக்காக.

கோயில். பிறகு ஒரு கடை வாசலில் காருக்குள்ளேயே உட்கார்ந்து வடை தின்றோம். நேரம் யாரும் கேட்கவில்லை. அவள் திடீரென்று, "இன்னொரு வடை வாங்கட்டுமா? அவசரம் இல்லையே?" என்றாள். இல்லை என்றேன்.

டிசம்பர் 30, செவ்வாய்

நாலாவது செவ்வாய். இன்று எங்கேயும் போகவில்லை, சும்மா சுற்றினோம். ஏரி. அவள் ஊருக்குப் போவதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஜனவரி 10, 2026, சனி

ஏர்போர்ட். இரண்டு பெட்டியும் பின்னால் அடங்கின. அவள் மாப்பிள்ளை தானும் வருவதாகச் சொன்னார். "இடம் இல்லை" என்றேன். இருந்தது. ஃப்ரீவே வேகம் வேண்டாம் என்று உள்ரோட்டிலேயே போனோம். ஒன்றேகால் மணி நேரம். கடைசி சிக்னலில் அவள் கியர் மேலிருந்த என் கையைப் பிடித்தாள். "கியரை விடுடி" என்றேன். சிரித்தோம்.

இறங்கும்போது பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து நீட்டினாள். "மாத்திட்டேன். ரிட்டர்ன் இருக்கு. ஏப்ரல் பதினெட்டு, சாயங்காலம் நாலு நாற்பது. மகளாண்ட சொல்லலை. நீதான் வரணும். வரலைன்னா பெட்டி மேலயே உக்காந்திண்டிருப்பேன்."

திரும்பி வரும்போது வழியில் ஓரமாக நிறுத்திவிட்டு, ஏப்ரல் பதினெட்டு, நாலு நாற்பது என்று போன் காலண்டரில் குறித்தேன். பிறகு வீட்டுக்கு வந்தேன்.

ஜனவரி 14, புதன்

நாளை பொங்கல். கரும்பும் மஞ்சள் கொத்தும் நானே போய் வாங்கி வந்தேன். கறிவேப்பிலை இரண்டு கட்டு.

இளமாறன் கராஜ் கதவருகே நின்றான். "அம்மா, வெள்ளிக்கிழமை என் காரை சர்வீஸுக்கு விடணும். கௌசிகாவுக்கு ஏழரைக்கே மீட்டிங். என்னை ஆபீஸ்ல டிராப் பண்றியா?"

டிப்ஸ்டிக் குச்சியைத் துடைத்து, திரும்ப விட்டு, எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். எண்ணெய் அளவு சரியாக இருந்தது.

"பாக்கலாம்ப்பா" என்றேன்.