அடுப்பு சுடுகிறது, அறைகள் குளிர்கின்றன

ஹரோ,
மார்கழி, வியாழக்கிழமை

அன்பு மகள் றூபினிக்கு,

வெலிங்டனில் நீயும் மருமகனும் பேத்தி தர்மிகாக் குஞ்சும் ஒரு நோய்நொடியும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மாளை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நாங்கள் சுகம் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் எனக்கு உடம்பும் மனமும் அலுத்துப்போய்விட்டது பிள்ளை. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் பேசும்போது என் பக்கத்தில் உன் மாமி இருப்பார், உன் பக்கத்தில் அவருடைய மகன் இருப்பார், நான் எதைச் சொல்ல? அதனால்தான் கடிதம்.

போன கிழமை குளிர் கடுமையாக இறங்கியது. அறைகளைச் சூடாக்குகிற றேடியேற்றர் ஒன்றும் வீட்டில் சுடவில்லை. உங்களுடைய அந்தப் பெரிய இரும்பு அடுப்பு என்னவோ நன்றாகத்தான் எரிந்தது. சோறு வெந்தது, குழாயில் சுடுதண்ணீர் வந்தது, குசினிக்குள் வேர்க்கக்கூடச் செய்தது. கதவைத் திறந்து வெளியே கால் வைத்தால் முன்னறையும் மேல்மாடியும் ஐஸ். சமையலுக்கும் வீட்டுச் சூட்டுக்கும் ஒரே அடுப்பு, வீட்டை விற்ற வெள்ளைக்காரர் நல்ல சாமான் விட்டுப்போயிருக்கிறார் என்று வீடு வாங்கியபோது மருமகன் பெருமையாகச் சொன்னார். அவர் சொல்லிவிட்டு, தாயையும் என்னையும் இங்கே விட்டு விமானம் ஏறிவிட்டார், அந்த அடுப்போடு மாரடிக்கிறது நான். சுவரில் இருக்கிற பெட்டியில் சூட்டைக் கூட்டிப் பார்த்தேன், அதற்குப் புது பற்றரி போட்டேன், அடுப்பை ஒருமுறை அணைத்து ஆறவிட்டு மறுபடியும் மூட்டினேன். உள்ளே காற்று அடைத்திருக்கும் என்று நினைத்து அந்தச் சின்னச் சாவியால் றேடியேற்றரைத் திறந்தேன். காற்று வரவில்லை, கறுப்புத் தண்ணீர் சீறிக்கொண்டு வந்து என் சுவெற்றரெல்லாம் நாசம். படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன், உன்னிடம் என்ன மறைப்பு.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. தீபாவளியிலிருந்து உன் மாமி தையல்நாயகியும் நானும் பேச்சில்லை. அன்று கோயில் ஆட்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, “என்ர பிள்ளை தானாப் போற ஆள் இல்லை, அவள்தான் இழுத்துக்கொண்டு போனவள்” என்று உன்னைச் சொன்னார். நான் பலகாரத் தட்டோடு வாசலில் நின்று கேட்டேன். அதற்குப் பிறகு நான் சமைத்து மூடிவைத்துவிட்டு மேலே போவேன், அவர் இறங்கி வந்து சாப்பிடுவார், சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். குட்மேய்ஸில் என் சிநேகிதி பியற்றிஸ் அக்கா வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது, தை பிறந்ததும் அங்கே போய்விடுவது என்று முடிவே எடுத்திருந்தேன். அவர் இந்த வீட்டில் தனிய என்ன செய்வார் என்று யோசிக்கவில்லை, யோசிக்க விரும்பவும் இல்லை.

குளிருக்கு ரோசம் தெரியாதே. மேலே இருக்க ஏலாமல் மாமி மகனுடைய பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு இருமி இருமிக் குசினிக்கு வந்தார். நானும் அங்கேதான். அடுப்புக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், இரண்டு கிழடுகளும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். எரிவாயு வேலை செய்கிற டெனுசனுக்குப் போன் எடுத்து, சத்தம் வெளியே கேட்கப் போட்டேன். எங்கேயும் இதே கரைச்சல்தான் அன்ரி, உடனே வர ஏலாது என்றான். பிறகு ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டு, “சுடுதண்ணி வருதெண்டால் அடுப்பில பிழை இல்லை. சூட்டுத் தண்ணியை றேடியேற்றருக்குத் தள்ளுற பம்ப் நிண்டிருக்கும். அடுப்புக்குப் பக்கத்துக் கீழ் அலுமாரியைத் திறந்து, அது உறுமுதோ எண்டு காதைக் குடுத்துப் பாருங்கோ. கையை மட்டும் வையாதேங்கோ, சுடும்” என்றான். என் முழங்கால் மடங்குமா? போனைப் பிடித்துக்கொண்டு அலுமாரியைப் பார்த்தபடி நின்றேன். மாமி எழும்பி வந்து, கோட்டை ஒதுக்கிக் குந்தி, தலையை உள்ளே விட்டார். “ஒரு சத்தமும் இல்லை. செத்த மாதிரிக் கிடக்குது எண்டு தம்பியிட்டச் சொல்லுங்கோ” என்றார். இத்தனை நாளில் என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான். டெனுசன் அதுதான் பிழை, நீங்கள் ஒன்றையும் கழற்ற வேண்டாம், புதுப் பம்ப்போடு வருகிறேன் என்றான்.

குந்தியவருக்கு எழும்ப ஏலவில்லை. கையைப் பிடித்துத் தூக்கியபோது பார்த்தேன், நெஞ்சு இழுக்கிறது, அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தும் விரல்கள் இன்னும் விறைத்திருக்கின்றன. கதிரையில் இருத்தி மல்லிக் கோப்பி போட்டுக் கொடுத்தேன். இரண்டு மிடறு குடித்தார். பிறகு கோப்பையைப் பார்த்தபடியே, “றூபினியைச் சொன்னது பிழை. அவன்தான் போகவேணும் எண்டு ஒற்றைக்காலில நிண்டவன், எனக்குத் தெரியும். பெத்த பிள்ளையில கோவிக்க ஏலாமல் கிடந்தது, அதுதான் உங்கட பிள்ளையில போட்டன்” என்றார். இத்தனை நாளும் மனதுக்குள் எத்தனை விதமாகக் கேட்க வைத்திருந்தேன் தெரியுமா? கடைசியில் “குடியுங்கோ, ஆறப்போகுது” என்றேன்.

அடுத்த நாள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நெஞ்சில் கிருமி, மருந்து தந்திருக்கிறார்கள், இப்போது இருமல் குறைவு. டெனுசன் நேற்று வந்து பம்பை மாற்றினான். குழாய்களெல்லாம் தடதடவென்று அடித்து, கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்கச் சூடு ஏறியது. மாமி தன் அறைக்குப் போய்விட்டார். இன்று காலையே குழம்பில் புளி கூட என்றார், ஆகவே பழையபடிதான் என்று வைத்துக்கொள். அறையை வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொல்லி பியற்றிஸ் அக்காவுக்குச் சொல்லிவிட்டேன். சந்தோஷத்தில் சொன்னதாக நினைக்காதே. ஒரு கிழவி இன்னொரு கிழவியை எவ்வளவு காலம் தூக்கி நிறுத்துவது, நீங்கள் இரண்டு பேரும் இருந்து யோசிக்க வேண்டும்.

அங்கே இப்போது வெயில்காலம், தர்மிகாவைத் தொப்பி இல்லாமல் வெளியே விடாதே. நீ நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாள் உங்கள் மூவருக்கும் துணை நிற்பாள், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே. நீ எங்களோடு பேசி முடித்துப் போனை அவர் முகத்துக்குத் திருப்புகிறாய், மருமகன் கையை அசைத்துவிட்டுப் போகிறார். இனி அப்படி வேண்டாம். தாயின் போனுக்கு அவரே எடுக்கட்டும். ஏன் போனாய் என்று தாய் கேட்பார், அதற்கு மகனே பதில் சொல்லட்டும். நீ நடுவில் நிற்காதே பிள்ளை.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா
கமலேஸ்வரி